ஒரு சொல்லும் மாத்தாதை

ஆங்கிலம் படிப்பிக்கிறவர்களுக்கு முதலில் போவது தொண்டை, பிறகு போவது பொறுமை. எனக்கு இரண்டும் ஒன்றாகவே போய்விட்டன.

பண்டத்தரிப்பிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு ரியூட்டறியில், தகரக் கூரைக்குக் கீழே, இருபத்திரண்டு வருஷமாகப் பேச்சு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இத்தனை வருஷம் நான் செய்த வேலையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். நிகழ்காலத்தில் நான், நீ, நாங்கள் என்று வந்தால் வினைச்சொல்லைத் தொடாதே. அவன், அவள், அது என்று வந்தால் பின்னால் ஒரு எஸ் போடு. ஐ வேர்க், யூ வேர்க், ஹீ வேர்க்ஸ். அவ்வளவுதான். நீங்களும் எங்கேயோ ஒரு வகுப்பு வாங்கில் இருந்து இதைக் கத்தியிருப்பீர்கள். எஸ்ஸை விட்டு ஏச்சு வாங்கியிருப்பீர்கள், அல்லது என்னைப்போல மேசைக்கு இந்தப் பக்கம் நின்று ஏசியிருப்பீர்கள். எந்தப் பக்கம் என்றாலும் பட்டவர்களுக்குத்தான் இது விளங்கும்.

றோட்டுக்குக் கேட்க வேண்டும்

எங்கள் ரியூட்டறியின் சொந்தக்காரர் தன்னைப் பணிப்பாளர் என்றுதான் சொல்லிக்கொள்வார். நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. வகுப்பில் இருக்கிற எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் கத்த வேண்டும். நான் ஹீ வேர்க்ஸ் என்றால் அறுபது பேரும் ஹீ வேர்க்ஸ் என்பார்கள். கூரை அதிரும். யாருக்கு விளங்கியது, யார் சும்மா வாயை அசைக்கிறார் என்று கடவுளுக்கும் தெரியாது.

ஒரு நாள் இந்தக் கத்தலை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்கத் தொடங்கினேன். உங்கள் அம்மா காலையில் என்ன செய்கிறார், தங்கச்சி எங்கே படிக்கிறாள், இப்படிச் சின்னக் கேள்விகள்தான். முதல் ஆள் எழும்பினார், மேலே விசிறியைப் பார்த்தார், கீழே செருப்பைப் பார்த்தார், திரும்ப வாங்கில் இருந்துவிட்டார். இரண்டாம் ஆளும் அப்படியே. ஐந்தாம் ஆளுக்கு வர முன்னரே பணிப்பாளர் கதவடியில் வந்து நின்று கையைக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் போனேன். அவர் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்: “ரீச்சர், சத்தம் குறைஞ்சால் றோட்டாலை போறவைக்கு இஞ்சை படிப்பு நடக்குதெண்டு எப்பிடித் தெரியும்?”

கந்தோர்க்காரர்

பதவி உயர்வுப் பரீட்சைக்காக, அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்கிற ஒரு கந்தோர்க்காரர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். கொப்பிக்கு உறை போட்டு, மூன்று நிறப் பேனைகளோடு முன் வாங்கில் இருப்பார். எல்லாம் இருந்தது, எஸ் மட்டும் இல்லை. ஹீ கம், ஷீ கோ, இட் ரெயின். மூன்று மாதம் பொறுத்தேன். ஒரு சனிக்கிழமை வெண்கட்டியை மேசையில் அடித்து வைத்துவிட்டுக் கேட்டேவிட்டேன். தமிழில் நான் வாறன், நீ வாறாய், அவன் வாறான், அவள் வாறாள், அது வருது, அவை வருகினம் என்று ஆளுக்கு ஆள் முடிவை மாற்றிக் கதைக்கிறோமே, ஒன்றிலாவது பிழை விடுகிறோமா? இங்கிலீசுக்காரன் கேட்பது ஒரேயொரு எழுத்து. அதைப் போடுவதற்கு என்ன வருத்தம்?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, நன்றாக யோசித்துப் பதில் சொன்னார். அதில் ஒரு நியாயமும் இருந்ததுதான் எனக்கு இன்னும் கூடுதலாக எரிச்சல் தந்தது: “எல்லாருக்கும் ஒவ்வொண்டு குடுத்தால் நினைவிருக்கும் ரீச்சர். ஒருத்தருக்கு மட்டும் குடுக்கிறதெண்டால், ஆருக்குக் குடுக்கிறதெண்டு மறந்துபோகுது.”

ஒன்பதாம் பக்கம்

வெளிநாட்டில் கணவன்மார் இருக்கிற பெண்களுக்கென்று எங்களிடம் ஒரு தனி வகுப்பு உண்டு. கொழும்பில் விசா நேர்முகத்துக்குப் போகும்போது அங்கே கேட்கிற கேள்விகளுக்கு இவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். முப்பது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். அவர்களுக்காக நான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னர் ஒரு ரியூட் எழுதினேன். கேள்விகளும் விடைகளும் அச்சடித்த சின்னப் புத்தகம். அதன் ஒன்பதாம் பக்கம் கணவனைப் பற்றியது. மை ஹஸ்பண்ட் லிவ்ஸ் இன் லண்டன். ஹீ வேர்க்ஸ் இன் எ பாங்க். ஹீ கம்ஸ் ஹோம் அட் சிக்ஸ். கணவன் லண்டனில் இருக்கிறார், வங்கியில் வேலை செய்கிறார், ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறார். ஏன் வங்கி என்று எழுதினேன்? சொல்வதற்குச் சுலபமான சொல், கேட்பதற்கும் மரியாதையான வேலை. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

அந்த வகுப்பில்தான் சுகன்யா இருந்தாள். உடுப்பிட்டியிலிருந்து வருகிறவள். கல்யாணத்துக்காக வந்த கணவன் ஐந்து கிழமை நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். மகளுக்கு இரண்டரை வயது. தகப்பனைப் பிள்ளை போனில் மட்டும்தான் கண்டிருக்கிறது. போன் மணி அடித்தால் “அப்பா” என்று ஓடிப் போகுமாம், யார் எடுத்தாலும். நேர்முகத்தில் தாய் சொல்லப்போகிற சொற்களில்தான் அந்தப் பிள்ளை தகப்பன் முகத்தை நேரில் பார்ப்பது இருந்தது. அதனால் சுகன்யா விடிய எழும்பி, அடுப்படியில் நின்று ஒன்பதாம் பக்கத்தைச் சத்தமாகப் பாடமாக்குவாள். ஆனால் வகுப்பில் எழும்பினால் எஸ் வராது. லிவ் என்பாள், வேர்க் என்பாள், கம் என்பாள். நான் கத்துவேன்.

ஒரு நாள் மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்று பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். சுகன்யாவை எழுப்பிக் கேட்டேன். அவள் தடுமாறினாள். கீழே இருந்து பிள்ளை, ஒரு எஸ்ஸும் தவறாமல், தன்னுடைய கணவன் லண்டனில் வங்கியில் வேலை செய்கிறார் என்று கணீரென்று சொல்லி முடித்தது. வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். சுகன்யா சிரிக்கவில்லை: “பிள்ளைக்கே பாடமாயிட்டுது ரீச்சர், எனக்கு ஏன் வருகுதில்லை?”

அண்ணை வந்தார்

பணிப்பாளருடைய அண்ணை லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். என்னிடம் ஒரு சொல் கேட்காமல் அவரை விசா வகுப்புக்குக் கொண்டுவந்து, கதிரை போட்டு முன்னுக்கு இருத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஊக்கம் வருமாம். அண்ணை முதலில் சொன்னது, தான் முப்பது வருஷமாக எஸ் இல்லாமல்தான் சீவிப்பதாகவும், ஒரு வெள்ளைக்காரனும் அதற்காகத் தன்னைத் திருப்பி அனுப்பவில்லை என்றும்தான். என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் பெண்கள் சிரிப்பை அடக்கினார்கள். இருபத்திரண்டு வருஷத்து உழைப்பை ஒரு மனிதர் இருந்த இருப்பில் ஊதிவிட்டார்.

எனக்கும் ரோசம் வந்தது. சரி, ஒவ்வொருவரும் ஐயாவிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேளுங்கள் என்றேன். ஒருத்தி எழும்பி, நீங்கள் அங்கே என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். சரியான கேள்வி, சரியான ஆங்கிலம். ஆனால் பணிப்பாளர் கேட்டவளை முறைத்தார். பக்கத்தில் இருந்தவள் அவளின் சட்டையைப் பிடித்து இருத்தினாள். எங்கள் ஊரில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் அதுவே அவருடைய வேலை. அங்கே போய் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கல்யாணம் பேசும்போதுகூட ‘அங்கை ஒரு கொம்பனியிலை’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நானும் இந்த ஊர்க்காரிதான், நானும் கேட்டதில்லை. அண்ணைக்கு மட்டும் கோபம் வரவில்லை. எழும்பி, நீளக்கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுச் சொன்னார்: “லண்டன் எண்டு சொன்னால் காணும் பிள்ளை. அதுக்கங்காலை கேக்கிறேல்லை.”

ஒத்திகை

சுகன்யாவுக்கு நேர்முகத் திகதி வந்தது. அதற்கு முதல் கிழமை வகுப்பிலே ஒத்திகை வைத்தேன். மேசைக்குப் பின்னால் நான் விசா அதிகாரி, முன்னால் அவள். பெயர், ஊர், கல்யாணம் எல்லாம் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். உங்கள் கணவர் என்ன செய்கிறார் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு யன்னல் பக்கம் பார்த்தாள். “மை ஹஸ்பண்ட் வேர்க் இன் எ…” என்று தொடங்கினாள்.

அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. எஸ் இல்லை. எட்டு மாதம் படிப்பித்து, நேர்முகத்துக்கு ஏழு நாள் இருக்க, எஸ் இல்லை. அவள் வசனத்தை முடிக்க நான் விடவில்லை. ரியூட்டைத் தூக்கி அவள் முன்னால் போட்டேன். முப்பது பேருக்கு முன்னால், றோட்டுக்கும் கேட்கத்தக்கதாக, சொந்தமாக ஒன்றும் யோசிக்க வேண்டாம், அச்சடித்தது என்னத்துக்கு, அதில் உள்ளதை உள்ளபடி சொல்லு, ஒரு சொல்லும் மாத்தாதை என்று கத்தினேன். அவள் ரியூட்டை எடுத்து, மடங்கிப்போன மூலையை விரலால் நிமிர்த்தினாள்: “சரி ரீச்சர். இனி மாத்தமாட்டன்.”

கடிதம்

நேர்முகம் முடிந்து ஆறு கிழமை கழித்து, வகுப்பு முடிகிற நேரம் பார்த்து வந்தாள். கையில் ஒரு கடிதம் இருந்தது. மூன்று பக்கம், முழுக்க ஆங்கிலம். வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை, வாசித்துச் சொல்லுங்கள் ரீச்சர் என்றாள். விசா மறுக்கப்பட்டிருக்கிறது என்பது முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்று தேடி இரண்டாம் பக்கத்துக்குப் போனேன். அங்கே மேற்கோள் குறிக்குள் ஒரு வசனம் இருந்தது. மை ஹஸ்பண்ட் வேர்க்ஸ் இன் எ பாங்க்.

அது என்னுடைய வசனம். அதை நான் சுகன்யாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குக் கீழே எழுதியிருந்ததையும் சொல்ல வேண்டியிருந்தது. கணவர் ஒரு பொரித்த கோழிக் கடையில் வேலை செய்கிறார் என்று அவர் கொடுத்த பத்திரங்கள் சொல்கின்றன. கணவன் செய்கிற வேலை மனைவிக்குத் தெரியவில்லை. ஆகவே, பிள்ளை இருந்தாலும், இது உண்மையான திருமணம் என்று ஏற்க முடியவில்லை. நான் மெதுவாகத்தான் வாசித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கோழிக்கடை என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். கேட்டதும் கத்தலாகத்தான் வந்தது, பழக்கதோஷம். தெரியும் என்றாள். கல்யாணம் முடிந்த இரண்டாம் நாளே அவர் சொல்லிவிட்டாராம், வெட்டுகிற வேலை, பெரிய கத்தி என்று கையால் காட்டினாராம். பின்னே ஏன் வங்கி என்று சொன்னாய் என்றேன். அது விடைதானே ரீச்சர், அவர் வேறை என்றாள். ஒத்திகையில் நான் முடிக்க விடாத அந்த வசனம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதன் கடைசியில் என்ன சொல் வரவிருந்தது என்று நான் இப்போது கேட்கத் தேவையில்லை. அவள் கடிதத்தில் அந்த வரியைத் தேடி, விரல் வைத்துக் காட்டினாள். அவளுக்கு அந்த ஒன்றுதான் விளங்கவில்லை: “எஸ் போட்டனான், ரீச்சர்.”

பாடமில்லாத வகுப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லாரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்ல எழும்பினேன். அதையும் நாங்கள் சின்ன வயதிலேயே பாடமாக்கி, ஒரே குரலில்தான் சொல்லிக்கொண்டு வருகிறோம். யார் விளங்கிச் சொல்கிறார் என்று அங்கேயும் தெரியாது. எனக்கு அதிகாரியில் கோபம் வந்தது, பணிப்பாளரில் வந்தது, லண்டன் அண்ணையில் வந்தது, ஒன்றையும் கேட்காத இந்த ஊரில் வந்தது. சுற்றிச் சுற்றி எல்லாரையும் ஏசி முடித்த பிறகும் கோபம் மிச்சமாக இருந்தது, அது எனக்குரியது. எட்டு மாதம் ஒருத்திக்குக் கணவனைப் பற்றிப் பேசப் படிப்பித்திருக்கிறேன், கணவன் என்ன செய்கிறார் என்று ஒரு நாள் கேட்டதில்லை. தமிழில் கேட்டிருக்கலாம். அதற்கு எஸ் தேவையில்லை.

திங்கட்கிழமை பணிப்பாளரிடம் போய், ஒன்பதாம் பக்கத்தைக் கிழிக்காவிட்டால் விசா வகுப்பு எடுக்கமாட்டேன் என்றேன். பார்ப்போம் ரீச்சர் என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, இருந்த ரியூட்டுகள் எல்லாவற்றிலும் அந்தத் தாளை நானே கிழித்தேன். சுகன்யா திரும்பவும் விண்ணப்பித்தாள். அவளை ரியூட் இல்லாமல் வரச் சொன்னேன். மத்தியானத்தில், வகுப்புகள் ஓய்ந்த பிறகு, இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருப்போம். முதலில் தமிழில் கேட்பேன். அவள் சொல்லச் சொல்ல அந்த மனிதர் எனக்கும் பழக்கமாகிவிட்டார். காலையிலிருந்து நின்றபடிதான் வேலை. கால் வீங்கும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் கையில் கோழி மணம் போகாது. சனிக்கிழமை லீவு இல்லை. போனில் மகள் முத்தம் கேட்டால் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு முகத்தை மட்டும் கொடுப்பார்.

பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லு என்பேன். மை ஹஸ்பண்ட் கட் சிக்கின். ஹீ ஸ்டாண்ட் ஆல் டே. ஹிஸ் லெக் பெயின். ஹீ லவ் மை டோட்டர். வரிக்கு வரி எஸ் இல்லை. என் கை வெண்கட்டியைத் தேடியது. கையை மடியில் வைத்து, மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். அரை மணித்தியாலம் அப்படியே இருந்தேன். அவள் கதைப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்: “நீங்கள் இண்டைக்கு ஒண்டும் திருத்தேல்லை. சுகமில்லையோ ரீச்சர்?”

புதிய ரியூட்

விசா கிடைத்துவிட்டது. மகளையும் கூட்டிக்கொண்டு சொல்ல வந்தாள். நேர்முகத்தில் கணவனைப் பற்றிக் கேட்டவுடன், கால் வீக்கத்திலிருந்து கை மணம் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாளாம், அதிகாரியே காணும் என்று கையைக் காட்டினாராம். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வகுப்பில் கத்துவதற்குப் பேர்போன ஒருத்தி அழுவதைப் பார்த்துப் பிள்ளை பயந்துவிட்டது. அன்றைக்கு ரியூட்டறியில் பணிப்பாளரும் நின்றார். சுகன்யாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, வாழ்த்துச் சொல்லி, அங்கே என்னென்ன சொன்னாய் பிள்ளை என்று விபரமாகக் கேட்டார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

அடுத்த மாதம் புதிய ரியூட் வந்தது. ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தேன். கோழி, கத்தி, கால் வீக்கம், கை மணம் எல்லாம் வரிசையாக இருந்தன. யாரிடமோ கொடுத்து எஸ்கள் எல்லாவற்றையும் சரியாகப் போட்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. அந்தப் புத்தகத்தை அவர் மேசையில் எறிந்து, இது சுகன்யாவின் மனுசன், மற்றவர்களின் மனுசன் அல்ல, ஒவ்வொருத்தியிடமும் அவளவள் கதையைக் கேளுங்கள் என்று கத்தினேன். நிச்சயமாக றோட்டுக்குக் கேட்டிருக்கும். இனி விசா வகுப்பை மட்டும் நான் படிப்பிக்கமாட்டேன் என்றேன். பரவாயில்லை, வேறு ஒரு ரீச்சர் இருக்கிறார் என்றார். எறிந்த ரியூட்டை எடுத்துத் தூசி தட்டி, பத்திரமாக அடுக்கில் வைத்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்: “சித்தியடைஞ்ச விடை ரீச்சர். இனி ஒரு சொல்லும் மாத்தக்கூடாது.”

பக்கத்து வகுப்பில் இப்போது முப்பத்தொரு பெண்கள் இருக்கிறார்கள், முப்பத்தொரு கணவன்மாரும் லண்டனில் கோழி வெட்டுகிறார்கள், அதில் ஒருவர் உண்மையாகவே வங்கியில் வேலை செய்கிறவர் என்றாலும், எஸ் மட்டும் ஒருத்திக்கும் தவறுவதில்லை.